சரிகை விலை ஏறிய வருஷம் கற்றுக்கொடுத்தவை

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் காமாட்சியையும் வரதரையும் சேவித்துவிட்டு, காந்தி ரோட்டில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். கல்யாணப் புடவைக்காரர்கள் தை பிறந்த பிறகுதான் வருவார்கள். அதனால் பிள்ளையார்பாளையத்தில் எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளர்கள் வருஷக் கணக்கை இந்த மாதத்தில்தான் எழுதி முடிப்போம். எங்கள் வீட்டில் கணக்கு என் பொறுப்பு. வீட்டுக்காரரும் அவர் தம்பியும் தறியில் உட்காருகிறார்கள். அத்தை இந்த வயதிலும் ராட்டையில் தார் சுற்றித் தருகிறார். அக்கம்பக்கத்தில் சில வீடுகளுக்குப் பாவும் சரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறோம். 2025-ஆம் வருஷக் கணக்கை முடித்த கையோடு இதை எழுதுகிறேன். தறி வைத்திருப்பவர்களுக்கும், வரும் வருஷம் பட்டு எடுக்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

இதற்கு முன் நாங்கள் பார்த்த பெரிய கஷ்டம் கொரோனா ஊரடங்கு வந்த 2020. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் மொத்தமாகப் போயின. வைகாசி கருட சேவைக்கு ஊர் கூடவில்லை. தறிகள் நின்றன. ஆனால் அந்தக் கஷ்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இந்த வருஷம் கல்யாணங்கள் நடந்தன, கடைகள் திறந்திருந்தன, தறிச் சத்தமும் கேட்டது. கஷ்டம் சரிகை வழியாக உள்ளே வந்தது.

அசல் சரிகையின் உள்ளே இருப்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசுவார்கள். பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் காஞ்சிபுரத்திலேயே தயாரிக்கிறது. நாங்கள் சரிகையை மார்க் கணக்கில் வாங்குவோம். ஒரு மார்க் 242 கிராம். கூட்டுறவுச் சங்கத் தரத்தில் நூற்றுக்கு 40 பங்கு வெள்ளி, அரைப் பங்கு தங்கம், மீதி செம்பும் பட்டும். அப்படியானால் ஒரு மார்க்கில் சுமார் 97 கிராம் வெள்ளியும் 1.2 கிராம் தங்கமும் இருக்கும்.

2025 ஜனவரியில் சென்னையில் வெள்ளி ஒரு கிராம் 100 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அக்டோபரில் 200-ஐத் தாண்டியது. நடுவில் கொஞ்சம் இறங்கி, டிசம்பரில் மறுபடி ஏறிவிட்டது. ஆபரணத் தங்கம் கிராம் 7,000 சொச்சத்திலிருந்து 12,000-க்கு மேல் போயிற்று. உலோகத்தின் விலை மட்டுமே மார்க்குக்கு 15,000 ரூபாய்க்கு மேல் கூடியது. அகலக் கரையும் நிறைந்த முந்தியும் உள்ள முகூர்த்தப் புடவை ஒன்று கிட்டத்தட்ட ஒரு மார்க் சரிகையை வாங்கிக்கொள்ளும். பெண்ணைப் பெற்றவர் புடவைக்கென்று எடுத்து வைத்த பணமோ போன வருஷம் இருந்த அளவில்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம்.

இனி நாங்கள் கற்றவை.

விலை சொல்லும்போதே கெடுவும் சொல்லுங்கள்

எங்கள் தொழிலில் வாய்ச்சொல்தான் ஒப்பந்தம். புடவை இன்ன விலை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் நெய்து கொடுக்கும்வரை அது மாறாது. சரிகை விலை மாதக்கணக்கில் அசையாமல் இருந்த காலத்தில் அது சரிப்பட்டது. இப்போது விலை சொல்லும் நாளுக்கும் புடவை தறியிலிருந்து இறங்கும் நாளுக்கும் நடுவில் லாபம் முழுவதும் கரைந்துவிடுகிறது.

அதனால் ஆடிக்குப் பிறகு முறையை மாற்றினோம். ஆர்டர் எடுக்கும்போது பட்டு, சரிகை, சாயம், கூலி என்று பிரித்து எழுதிக் கொடுக்கிறோம். சரிகை விலை ஒரு வாரத்துக்கு மட்டும் செல்லும் என்று அதிலேயே குறிக்கிறோம். சரிகைக்கு உண்டான பணத்தை முன்பணமாக வாங்கி, அன்றைக்கே சரிகையை வாங்கி வைத்துவிடுகிறோம். முன்பணம் கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயந்தோம். கணக்கை விரித்துக் காட்டியபோது பெரும்பாலானோர் புரிந்துகொண்டார்கள். கடைக்காரர்களிடம் இது கடினம். ஆனாலும் விலை ஏறினால் உற்பத்தியாளர் தலையில், இறங்கினால் கடைக்காரர் கையில் என்ற ஏற்பாட்டைத் தொடர்ந்து தாங்க எந்தச் சிறு வீட்டாலும் முடியாது.

சரிகை வாங்கக் கைமாற்று வட்டிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். நெசவாளர்களுக்கான முத்ரா கடன் 6 சதவீத வட்டியில் வங்கியில் கிடைக்கிறது. நெசவாளர் அடையாள அட்டையோடு கைத்தறித் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். அலைச்சல் உண்டு. ஆனால் கைமாற்று வட்டியோடு ஒப்பிட்டால் அந்த அலைச்சல் வீண் போகாது.

சரிகையைக் குறைக்கலாம், தரத்தை மறைக்கக் கூடாது

வெள்ளி ஏறிய மாதங்களில் எங்களிடம் வந்த யோசனை ஒன்றுதான்: வெள்ளி மிகக் குறைந்த ஹாஃப் ஃபைன் சரிகை போட்டு, அசல் என்று கொடுத்துவிடுங்கள், பார்வைக்கு யாருக்குத் தெரியப் போகிறது என்றார்கள். நாங்கள் மறுத்தோம். ஒரு கடை அதனாலேயே எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. அந்த இழப்பு கணக்கில் இருக்கிறது. அதே முடிவைத்தான் வரும் வருஷமும் எடுப்போம்.

ஹாஃப் ஃபைன் சரிகையில் தவறொன்றும் இல்லை. அதைச் சொல்லி விற்றால் குறைந்த விலையில் நல்ல பட்டு வேண்டுகிறவருக்கு அது நியாயமான பொருள். சொல்லாமல் விற்பதுதான் துரோகம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் இந்த ஊரின் பொதுச் சொத்து. ஒருவர் ஏமாற்றினால் ஊரே விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

சரிகைச் செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் நிறைய இருக்கின்றன. கரையின் அகலத்தைக் குறைத்தோம். உடல் முழுக்கப் புட்டா கேட்டவர்களுக்கு முந்திக்கு அருகில் மட்டும் போட்டுக் காட்டினோம். சரிகைக்குப் பதில் பட்டு நூலிலேயே கரை நெய்தோம். கோபுரக் கரை, மயில்கண், ருத்ராட்சம், வைர ஊசி, கொட்டடிக் கட்டம் என்ற வடிவங்களில் எதுவும் சரிகையை நம்பிப் பிறந்தவை அல்ல. இரண்டு நல்ல நிறங்கள் எதிரெதிரே நின்றாலே அவை பேசும். அத்தையின் பெட்டியில் இருந்த பழைய புடவைகளைப் பார்த்துத்தான் அந்த நிறச் சேர்க்கைகளை எடுத்தோம். அரக்குக்கு மயில் கழுத்து, மஞ்சளுக்குப் பச்சை, மாம்பழத்துக்குக் கத்திரிப்பூ. இவற்றை வாங்கியவர்களில் இளம்பெண்கள்தான் அதிகம். கனமில்லாத புடவை என்பதால் அடிக்கடி உடுத்த முடிகிறது என்றார்கள்.

கூலியைத் தனி வரியாக எழுதுங்கள்

இந்த வருஷம் என்னை மிகவும் வருத்தியது இதுதான். புடவை விலை பல ஆயிரம் ஏறியது. நெய்தவர் கூலி ஏறவில்லை. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். உடம்பை வளைத்து நெய்தவரிடம் மட்டும், வியாபாரம் சரியில்லை, அடுத்த பாவுக்குப் பார்க்கலாம் என்கிறோம்.

காஞ்சிப் பட்டின் பெருமை உலோகத்தில் மட்டும் இல்லை. கோர்வைப் புடவையில் உடலும் இரு கரைகளும் வேறு வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பெட்னி போட வேண்டும். பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்துச் சேர்க்கிற வேலை அது. ஒரு புடவை முடியப் பதினைந்து நாள்கூட ஆகும். இந்த வேலைக்கு விலை வைக்காமல் சரிகையின் எடைக்கு மட்டும் விலை வைத்தால், வெள்ளி ஆடும்போதெல்லாம் நாமும் ஆட வேண்டியதுதான்.

ஐப்பசியிலிருந்து எங்கள் சீட்டில் கூலி தனி வரியாக இருக்கிறது. வாங்குகிறவர் பார்க்கிறார், நெய்தவரும் பார்க்கிறார். பேரம் பேசுகிறவர்கள் அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். மனிதர்களுக்கு நியாய உணர்வு உண்டு. அதற்கு நாம் ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

தறியைக் காலியாக விடாதீர்கள்

ஆர்டர் குறைந்தபோது பலர் பாவு கொடுப்பதை நிறுத்தினார்கள். முதலை முடக்க வேண்டாம் என்ற கணக்கு அது. ஆனால் தறி காலியானால் நெசவாளர் காத்திருக்க மாட்டார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் பஸ் நம் ஊருக்கே வந்து நிற்கிறது. மாதச் சம்பளத்துக்குப் பழகியவர் மறுபடி தறிக்குழியில் இறங்குவது அரிது. அவர்மேல் குற்றமில்லை. அவருக்கும் வாடகை உண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் உண்டு.

பொதுவாக ஒரு பாவில் மூன்று புடவைகள் நெய்யலாம். முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் இல்லாத நேரத்தில் சரிகையில்லாத பாவு ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். பட்டு, சாயம், கூலிக்கு மட்டும்தான் முதல் வேண்டியிருந்தது. லாபம் மிகக் குறைவு. எங்களிடம் நெய்கிற வீடுகளில் எந்தத் தறியும் நிற்கவில்லை, யாரும் தறியை விட்டுப் போகவில்லை. இந்த வருஷக் கணக்கில் நான் பெரிய வரவாக நினைப்பது அதைத்தான்.

தறி ஓட இன்னொரு உதவியும் இருக்கிறது: கைத்தறி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம். 2023-ல்தான் 200-லிருந்து உயர்த்தினார்கள். தனிக்குடித்தனம் போன சில வீடுகள் இதற்கு மனுக்கொடுக்காமலே கட்டணம் கட்டி வந்தன. உங்கள் தெருவிலும் விசாரித்துப் பாருங்கள்.

பழைய புடவையை எடைக்குப் போடாதீர்கள்

வெள்ளி ஏறியதும் பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர்களின் குரல் தெருக்களில் அதிகம் கேட்கிறது. அந்தப் புடவைகளை உருக்கி வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். கிழிந்து நைந்த புடவையைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பாட்டியின் கோர்வைப் புடவை உருப்படியாக இருந்தால் அதை நெருப்புக்குக் கொடுக்காதீர்கள். இன்று யாரும் நெய்யாத கரைகள் அவற்றில் இருக்கின்றன. கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், முந்தியையும் கரையையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து ஒரு நெசவாளருக்காவது அனுப்பிவிட்டுக் கொடுங்கள். நாங்கள் அப்படிக் கிடைத்த ஒரு படத்தை வைத்துத்தான் தாழம்பூக் கரை ஒன்றைத் தறியில் ஏற்றினோம்.

வரும் வருஷத்துக்கு

வெள்ளி இறங்கும் என்று நம்பி எந்தத் திட்டமும் போடவில்லை. ஏறினாலும் இறங்கினாலும் தறி ஓட வேண்டும் என்றே திட்டமிடுகிறோம். தையிலிருந்து சரிகை நிறைந்த புடவை ஆர்டருக்கு மட்டும்தான். கைவசம் வைத்து விற்பவை சின்னக் கரைப் புடவைகளும் பட்டு நூல் கரைப் புடவைகளும். ஒவ்வொரு புடவையோடும் பட்டு எடை, சரிகை எடை, சரிகையின் வகை எழுதிய சீட்டு போகும். தெருவில் உள்ள சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து சரிகையை மொத்தமாக வாங்கப் பேசி வருகிறோம். கூலியைத் தையில் உயர்த்துகிறோம். லாபம் வந்த பிறகு உயர்த்தலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் வராது.

பட்டு எடுக்க வருகிறவர்களே, உங்களிடமும் சில சொல்ல வேண்டும். சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சரிகைக்கும் கைத்தறிக்கும் அது பொறுப்பல்ல. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க், ஊருக்குப் புவிசார் குறியீடு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சரிகையைச் சுரண்டிச் சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்பார்கள். மற்றச் சரிகைகளிலும் இப்போது சிவப்பு நூல் வருகிறது. சரிகைப் பரிசோதனை இயந்திரத்தில் காட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. சரிகையின் வகையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். கோயில் வாசலில் வழிகாட்டுகிறவர் அழைத்துப் போகும் கடையில் அவருக்கான கமிஷனும் உங்கள் புடவை விலையில்தான் சேரும். நேரமிருந்தால் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து தறியைப் பாருங்கள்.

கையில் இருக்கிற பணத்துக்கு அகலச் சரிகை கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். சின்னக் கரையில் கோர்வை கேளுங்கள். கூலி எவ்வளவு என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை எல்லோரும் கேட்கத் தொடங்கினால், அடுத்த தலைமுறையிலும் காஞ்சிபுரத்தில் தறி இருக்கும்.