பந்தியில் அமர்ந்த பின்

கேள்வி: தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவன் நான். ஒசூர் சிப்காட்டில் வேலைக்கு வந்தபின் ஈராண்டாக லுத்தரன் ஆலயம் செல்கிறேன். முறைப்படி அங்கத்தினராகலாமா? (ஒரு வாசகர், ஒசூர்)

ஆகுங்கள். திரித்துவ நாமத்தில் பெற்ற ஞானஸ்நானத்தை லுத்தரன் சபையார் மறுபடியும் கொடுப்பதில்லையாதலால், லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை, விசேஷமாக இராப்போஜனத்தில் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே அளிக்கப்படுகின்றன என்னும் பகுதியை, நிதானமாக வாசித்து, மனச்சாட்சி சம்மதித்தால், பழைய போதகரின் கடிதத்தோடு இவ்வூர்ப் போதகரை அணுகுவதே முறை. சபை மாறுவது துரோகமோ என்று அஞ்சவேண்டாம். 1895இல் அமெரிக்க லுத்தரன் சபையான மிசௌரி சங்கத்தின் சார்பில் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கிய நேத்தர் ஐயரே தாம் முன்பு ஊழியம் செய்த ஜெர்மானிய லைப்சிக் மிஷனோடு உபதேச பேதத்தால் பிரிந்து வந்தவர்தாம். சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்துவந்து பிரசங்கத்தில் கண்ணயர்ந்தாலும், அதுவும் அங்கத்துவத்துக்குத் தடையன்று. கடிதத்துக்கு இன்றே எழுதிவிடுங்கள்; ஊரிலிருந்து அது வந்துசேரத்தான் நாளாகும்.