குடும்ப ஆலோசகருக்கும் உரிமம் வேண்டுமா?



அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், மருத்துவர் முறையாகப் படித்தவர்தானா என்று விசாரித்துக்கொள்கிறார்கள். கணவன் மனைவிக்குள் பிளவு உண்டாகும்போது மட்டும், ஆலோசனை சொல்கிறவர் யார், எங்கே பயின்றார் என்று நாம் கேட்பது அபூர்வம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1963-ல் இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. திருமண ஆலோசகர்களுக்கு முதன்முதலாக உரிமம் வழங்கிய மாநிலம் அதுவே. அங்குள்ள ஐம்பது மாநிலங்களிலும் இந்த முறை வந்துசேர 2009 வரை ஆயிற்று.

கலிபோர்னியாவில் முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. குறைந்தது 104 வாரங்களாவது மேற்பார்வையின் கீழ் இருந்து 3,000 மணி நேரம் பணிபுரிய வேண்டும். அதில் 500 மணி நேரமாவது தம்பதியரோடும் குடும்பங்களோடும் பிள்ளைகளோடும் செலவிட்டிருக்க வேண்டும். தேர்வுகளும் இரண்டு உண்டு.

மேற்பார்வைதான் இதில் முக்கியமான காரியம். பயில்கிறவரும் மூத்தவரும் வாரம் ஒரு மணி நேரம் தனியாக, குழுவாகக் கூடினால் இரண்டு மணி நேரம் உட்காருகிறார்கள். வந்தவர் என்ன சொன்னார், நீங்கள் ஏன் அப்படிப் பதில் சொன்னீர்கள் என்று மூத்தவர் கேட்கிறார். கணவன் பேச்சை மட்டும் நம்பி மனைவியைக் குற்றப்படுத்திவிட்டாரா, அடி வாங்குகிற பெண்ணைப் "பொறுத்துப் போம்மா" என்று அனுப்பிவிட்டாரா என்பதெல்லாம் இங்கேதான் வெளிப்படும். மேற்பார்வை செய்கிறவர் தாமும் இரண்டு ஆண்டுகளாவது உரிமம் பெற்றிருந்தவராக இருக்க வேண்டும்.

பயில்கிறவர், ஆலோசனைக்கு வருகிறவரிடம் நேரடியாகப் பணம் வாங்கக் கூடாது. வேலை கொடுத்த நிறுவனமே ஊதியம் தரும். தமக்கு இன்னும் உரிமம் இல்லை, மேற்பார்வையில் இருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சட்டத்திலேயே மிக நேர்மையான விதி இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. இப்படிச் சொல்லத் துணிகிற ஆலோசகர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

சபையார் கவனிக்க இன்னொன்று உண்டு. போதகர்களும் குருமாரும் ரபீக்களும் தங்கள் ஊழியத்தின் பகுதியாக ஆலோசனை சொல்ல உரிமம் தேவையில்லை என்று அதே சட்டம் விலக்களிக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் வதைக்கப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால், உரிமம் பெற்றவரைப் போலவே போதகரும் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1997 முதல் அம்மாநிலத்தில் கட்டாயம். பாவ அறிக்கையில் கேட்டதற்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு.