திரும்பி வரும் ராக்கெட்: மிச்சம் எவ்வளவு?

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு, 2015 டிசம்பரில் கேப் கனாவெரலில் நிமிர்ந்தபடி தரையிறங்கியது. முன்பே பறந்து வந்த ஓர் அடுக்கு, 2017 மார்ச்சில் எஸ்இஎஸ்-10 செயற்கைக்கோளைச் சுமந்து மறுபடியும் பறந்தது. இதன் சிக்கனம் பற்றிப் பரவியுள்ள நம்பிக்கைகளில் சில கணக்கோடு ஒத்துப்போவதில்லை.

நம்பிக்கை 1: ராக்கெட் ஏவுவதில் எரிபொருள்தான் பெருஞ்செலவு.

உண்மை: புறப்படும்போது ஃபால்கன் 9-இன் எடை ஏறத்தாழ 549 டன். அதில் பெரும்பகுதி சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான். ஆனால் அவற்றின் விலை சில லட்சம் டாலர். ஏவுகட்டணத்தில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. பணம் விழுங்குவது கட்டுமானம். முதல் அடுக்கில் மட்டும் 9 எஞ்சின்கள். தயாரிப்புச் செலவில் சுமார் 60 சதவீதம் அந்த அடுக்குக்கே போவதாக எலான் மஸ்க் கூறியிருக்கிறார்.

நம்பிக்கை 2: முதல் அடுக்கு திரும்பிவிட்டால் அதன் விலை முழுவதும் மிச்சம்.

உண்மை: திரும்புவதற்கும் விலை உண்டு. வேகம் குறைத்து இறங்க எரிபொருளில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும். கால்களும் துடுப்புகளும் எடையைக் கூட்டும். புவிநிலை மாற்றுப் பாதைக்கு 8.3 டன் கொண்டுபோகக்கூடிய ஃபால்கன் 9, முதல் அடுக்கு திரும்ப வேண்டுமென்றால் 5.5 டன்னோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் அடுக்கோ ஒவ்வொரு முறையும் புதிது.

நம்பிக்கை 3: மீட்டெடுத்தாலே லாபம்.

உண்மை: 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தின் திட எரிபொருள் பூஸ்டர்கள் பாராசூட்டில் அட்லாண்டிக் கடலில் விழுந்தன. அவற்றைக் கப்பல்கள் இழுத்துவந்தன. உப்புநீர் போகக் கழுவி, பாகம் பாகமாகப் பிரித்து, உருளைகளை ரயிலேற்றி யூட்டா மாநிலத்துக்கு அனுப்பி, மறுபடியும் எரிபொருள் நிரப்பினார்கள். ஓடத்தின் வெப்பத் தடுப்பு ஓடுகளையும் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சோதித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மீட்டது உண்மை, மலிவாகவில்லை. பழுதுபார்க்கும் செலவும் காலமும் சிறுத்தால்தான் மீட்பு லாபமாகும்.

நம்பிக்கை 4: இரண்டாம் முறை பறந்தாலே போட்ட பணம் வந்துவிடும், எல்லா நாடுகளும் இதையே செய்யலாம்.

உண்மை: இரண்டு முறையில் கணக்கு சமனாகும், மூன்றில் லாபம் என்றார் மஸ்க், 2020-இல். யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸ் நிறுவனத் தலைவராக இருந்த டோரி புரூனோ, சராசரியாக 10 முறை பறக்க வேண்டும் என்றார். இழக்கும் சுமைக்கும் பழுதுபார்ப்புக்கும் என்ன விலை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஏவுதல்களின் எண்ணிக்கையும் முக்கியம். ஆண்டுக்கு 10 ஏவுதல்கள்தான் உறுதி, ஒரு ராக்கெட் 10 முறை பறக்கும் என்றால், தொழிற்சாலைக்கு ஆண்டில் ஒரே ராக்கெட் கட்டும் வேலைதான் மிஞ்சும். ஐரோப்பாவின் ஏரியன்குரூப் 2018-இல் எழுப்பிய ஆட்சேபம் இதுதான்.

நம்பிக்கை 5: செலவு குறைந்தால் கட்டணமும் குறையும்.

உண்மை: 2025-க்குள் ஒரே முதல் அடுக்கு 30 முறைக்கு மேல் பறந்துவிட்டது. ஆனால் ஃபால்கன் 9-இன் பட்டியல் விலை 2022-இல் 6.2 கோடி டாலரிலிருந்து 6.7 கோடியாக ஏறியது. செலவைத் தொழிற்சாலை தீர்மானிக்கிறது. விலையைச் சந்தைப் போட்டி தீர்மானிக்கிறது. இன்றைய ஃபால்கன் 9 ஏவுதல்களில் பெரும்பாலானவை ஸ்பேஸ்எக்ஸின் சொந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்கானவை. மிச்சத்தில் பெரும்பங்கு சேர்வதும் அங்கேதான்.