ஓசோன் வாயுவும் தொற்றுநீக்கமும்

மாரிகாலத்து மாலையில் இடியும் மின்னலும் ஓய்ந்தபின் முற்றத்திலே ஒருவகைக் கூரிய மணம் எழுவதைப் பலர் உணர்ந்திருப்பர். மின்பொறி பறக்கும் இயந்திரத்தின் அருகே நிற்போரும் அம்மணத்தை அறிவர். அம்மணத்துக்குரிய பொருள் ஓசோன் என்னும் வாயுவாகும். கிருமிகளை ஒழிக்கும் ஆற்றல் இவ்வாயுவுக்கு உண்டு. அவ்வாற்றலைக் கொண்டு மேசை, நாற்காலி, கட்டில், தளம் முதலியவற்றின் மேற்பரப்புக்களை எவ்வாறு தூய்மை செய்யலாம், எவ்வாறு செய்யலாகாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியராகிய யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பெற்றன. அவை மீளத் திறக்கப்பெற்ற காலத்தில், அன்புடைய பழைய மாணவர் ஒருவர் ஓசோனை உண்டாக்கும் சிறு பெட்டியொன்றை வெளிநாட்டிலிருந்து எமது வாசிகசாலைக்கு அனுப்பியிருந்தார். ஆட்கள் இருக்கும்போதே அதனை இயக்கலாம் என்று உறையின்மேல் எழுதப்பட்டிருந்தது. வாசிகசாலைப் பொறுப்பு எம்மிடம் இருந்தமையின் யாமே அதனை நாடோறும் இயக்கினோம். அறையிற் பரந்த மணத்தைத் தூய்மையின் அறிகுறி எனக் கொண்டு மகிழவுஞ் செய்தோம். சில நாள்களில் மாணவர் சிலர் தொண்டை கரகரப்பதாக முறையிட்டனர். தொய்வு நோயுடைய சிறுவன் ஒருவன் இருமியபடியே எழுந்து வெளியேறினான். நூலட்டைகளைக் கட்டியிருந்த றப்பர் வளையங்கள் வெடித்து அறுந்து கிடந்தன. செய்தி அறிந்து வந்த விஞ்ஞான ஆசிரியர் பெட்டியை நிறுத்தி, யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, எமக்கு ஒரு பாடம் நடத்தினார். அப்பாடத்தையும், அதன்பின் யாம் தேடிக் கற்றவற்றையும் இங்கே தருகின்றோம்.

ஓசோன் என்பது யாது?

நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் வாயுவின் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆயது. ஓசோனின் மூலக்கூறோ மூன்று ஒட்சிசன் அணுக்களால் ஆயது. இம்மூன்றாம் அணு அமைதியாக நிற்பதன்று. கிடைத்த பொருளைப் பற்றி ஒட்சியேற்றவே விரையும். ஓசோனின் பயனும் தீங்கும் இவ்வொரு பண்பினின்றே பிறக்கின்றன. வானத்தின் உயரத்தே நின்று ஞாயிற்றின் ஊதாக் கடந்த கதிர்களைத் தடுத்து எம்மைக் காப்பதும் இவ்வாயுவே. நிலத்தருகே மூச்சுடன் உட்புகுந்து நுரையீரலைப் புண்படுத்துவதும் இதுவே.

மின்னியந்திரத்தின் அருகே எழும் இம்மணத்தை 1785 இல் ஒல்லாந்தராகிய வான் மாரும் குறித்து வைத்தார். 1840 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பேராசிரியராயிருந்த சோன்பைன் இது தனியொரு பொருள் என அறிவித்து, மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்குப் பெயரமைத்தார். 1857 இல் ஜேர்மனியராகிய வேர்ணர் சீமென்சு மின்னிறக்கத்தால் ஓசோனை ஆக்கும் கருவியைச் சமைத்தார். 1906 இல் பிரான்சு நாட்டு நீசு நகரம் தன் குடிநீரை ஓசோனாற் சுத்திகரிக்கத் தொடங்கிற்று. நீரைத் தூய்மை செய்தலில் நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இவ்வாயுவுக்கு உண்டு.

கிருமியை அழிக்குமாறு

ஓசோன் பற்றீரியாவின் கலச்சுவரையும் மென்சவ்வையும் ஒட்சியேற்றிச் சிதைக்கின்றது. வைரசின் புரத உறையைக் குலைக்கின்றது. தொழில் முடிந்தபின் தான் ஒட்சிசனாக மாறிவிடுதலின் மேற்பரப்பில் மருந்துக் கறை எஞ்சுவதில்லை. வாயுவாதலின், துணியாலே துடைக்க முடியாத இடுக்குக்களிலும், ஊதாக் கடந்த ஒளி படாத நிழலிடங்களிலும் புகவல்லது. இவை இதன் சிறப்புக்கள்.

ஆயின், இச்சிறப்புக்கள் பயன்தருதற்கு மூன்று துணைகள் வேண்டும். அவை செறிவு, நேரம், ஈரப்பதன் என்பன. செறிவையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகையே வாயுவின் அளவைக் காட்டும். 2020 இல் யப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் கொரோனா வைரசைப் பரிசோதித்தனர். வளியின் பத்து இலட்சம் பங்கில் 6 பங்கு ஓசோன் 55 நிமிடம் நின்றபோது, வைரசு ஆயிரத்தில் ஒன்று முதற் பதினாயிரத்தில் ஒன்று வரை குறைந்தது. இங்கே தொகை 6 × 55 = 330 ஆகும்.

இனி ஒரு சிறு கணக்குச் செய்வோம். எட்டு மணித்தியாலம் வேலை செய்வோர் சுவாசிக்கும் வளியில் ஓசோன் பத்து இலட்சத்தில் 0.1 பங்குக்கு மேற்படலாகாது என்பது அமெரிக்கத் தொழிலிட விதி. அவ்வளவிலே 330 என்னுந் தொகையை எய்த 3,300 நிமிடம், அஃதாவது 55 மணித்தியாலம், செல்லும். அதே ஆண்டில் யப்பானின் பிறிதொரு பல்கலைக்கழகம் 0.1 பங்கு ஓசோனும் வைரசைக் குறைக்கும் என்று காட்டியது. ஆயினும் அதற்கு மிகுந்த ஈரப்பதனும் பத்து மணித்தியாலமும் தேவைப்பட்டன. நாற்பது நிமிடப் பாடவேளையில் அது நமக்கு உதவுமோ? கிருமியை விரைந்து கொல்லும் செறிவு மனிதர் சுவாசிக்கத் தகாதது. மனிதர் சுவாசிக்கத் தக்க செறிவு கிருமியை விரைந்து கொல்லாதது. எம் பெட்டியின் உறை மறைத்த உண்மை இதுவே.

அழுக்கும் ஒரு தடையாம். எண்ணெய்ப் பசையும் தூசியும் குருதிக் கறையும் கிருமிக்கு முன்னே ஓசோனை உண்டுவிடும். ஆதலின் சவர்க்காரமும் நீருங் கொண்டு முதலிற் கழுவியபின்னரே வாயுவைச் செலுத்தல் வேண்டும். சில பற்றீரியாக்களின் வித்திகள் எளிதில் மடியா என்பதும் கருதத்தக்கது.

காப்பு முறைகள்

மனிதரும் வாயுவும் ஓரிடத்தில் ஒரே வேளையில் இருத்தலாகாது என்பதே முதல் விதி. நோயாளி நீங்கிய மருத்துவமனை அறை, ஆளில்லாத நோயாளர் வண்டி, மூடிய பேழை ஆகியனவே ஓசோனுக்கு ஏற்ற இடங்கள். அங்கும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, மனிதரையும் வளர்ப்புப் பிராணிகளையும் செடிகளையும் அகற்றி, இடுக்குக்களை அடைத்து, கதவில் எச்சரிக்கை எழுதித் தொங்கவிடுக. இரண்டாவது, கருவியை வெளியில் நின்றே இயக்குக. மூன்றாவது, மூக்கை நம்பற்க. ஓசோன் மிகச் சிறிய அளவிலும் மணக்கும். ஆயினும் மூக்கு அம்மணத்துக்கு விரைவிற் பழகிவிடும். அளக்குங் கருவியே சான்று. நான்காவது, முடிந்தபின் வளியோட்டத்தாலோ ஊக்கியுள்ள வடிகட்டியாலோ வாயுவை நீக்கி, 0.1 பங்குக்குக் கீழே இறங்கியமை கண்டபின்னரே உட்புகுக. 5 பங்கு என்பது உயிருக்கு உடனே ஆபத்து விளைக்கும் அளவென அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்துள்ளது. ஐந்தாவது, றப்பரையும் சாயமிட்ட துணிகளையும் பழைய தாள்களையும் அவ்வறையில் வையற்க. ஆறாவது, எலுமிச்சை மணமோ பைன் மணமோ ஊட்டிய தளக் கழுவிகளைப் பூசிய உடனே ஓசோனைச் செலுத்தற்க. அம்மணப் பொருள்கள் ஓசோனுடன் கூடிப் போமல்டிகைட்டு முதலிய தீய பொருள்களைத் தோற்றுவிக்கும்.

முடிவுரை

அப்பெட்டி இன்று எமது விஞ்ஞான ஆய்வுகூடத்தில், மின் தொடுப்பு நீக்கப்பெற்று, பாடத்துக்குரிய பொருளாக இருக்கின்றது. அனுப்பிய அன்பர்க்கு நிகழ்ந்ததை ஒளியாது எழுதினோம். அவர் மனங்கோணவில்லை, வாசிகசாலையின் வடபுறச் சுவரில் இரண்டு யன்னல்கள் அமைத்தற்குப் பொருள் உதவினார். இருமி வெளியேறிய அச்சிறுவன் இப்போது அவற்றுள் ஒன்றன் அருகே அமர்ந்து படிக்கின்றான்.

நன்மை செய்ய விழையும் பழைய மாணவர்கள் பலர் உளர். பொருளை வாங்குமுன் அதன் இயல்பை ஆராய்தல் அவர்க்கும், பெற்றுக்கொள்ளும் எமக்கும் ஒருங்கே உரிய கடமை. யாம் அதனைச் செய்யத் தவறினோம். ஆராய்ந்து கொள்ளும் அறிவைத் தரும் நம் கல்லூரி, இவ்விழாவாண்டிலும் இனி வரும் ஆண்டுகளிலும் சிறந்து ஓங்குக.