கருக்கலைப்பு: ஷரீஅத்தும் சிகிச்சையும்

மீமிசலில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். கணவர் கடல் கடந்து பிழைக்கச் சென்றிருக்கிறார். மூன்று மாதக் கர்ப்பிணியான மனைவிக்குக் கடுமையான இருதய நோய். “கருவைக் கலைக்காவிட்டால் உங்கள் உயிருக்கே ஆபத்து” என்கிறார் மருத்துவர். “பாவமாச்சே, வாப்பா!” என்று மகனிடம் தொலைபேசியில் அழுகிறார் மாமியார்.

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் திருமறை (17:31) தடுத்துள்ளது. கருவுக்கு 120 நாட்களில் ரூஹு ஊதப்படுவதை ஹதீஸ் கொண்டு உலமாக்கள் விளக்குவர். அதன்பின் கலைப்பது ஹராம். தாயின் உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே விலக்கு உண்டு. 1990-இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபையும் இவ்வாறே தீர்மானித்தது. ரூஹு ஊதப்படுமுன் கலைப்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டாயினும், அதுவும் குற்றமே, கரு வளர வளரக் குற்றமும் வளரும் என்றார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்).

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து வாரங்களை எண்ணுவார். கரு தரிப்பதோ அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. எனவே 120 நாள் என்பது மருத்துவர் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரையும், சிலருக்கு 24 வாரம் வரையும் அனுமதிக்கிறது. சட்டம் அனுமதித்ததெல்லாம் ஷரீஅத்தில் ஆகுமானதென்று கொள்ளலாகாது.

முதல் மூன்று மாதங்களில் கருப்பையிலுள்ளதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பர். கரண்டி போன்ற கருவியால் சுரண்டும் பழைய முறையைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாதம் கூடினால் கருப்பை வாயை விரித்து எடுக்க வேண்டும், ஆபத்தும் கூடும். பயிற்சியற்றவரிடம் மறைவாகச் செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். சட்டப்படி மருத்துவர் பெயரை வெளியிடலாகாது. பின்னர் காய்ச்சல், துர்நாற்றம், நில்லாத உதிரப்போக்கு கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

ஷாபிஈ மத்ஹபில், இரத்தக் கட்டியோ சதைக் கட்டியோ வெளிப்பட்டபின் வரும் உதிரமும் நிஃபாஸே. அதிகபட்சம் 60 நாள். முன்பே நின்றால் குளித்துத் தொழ வேண்டும். விடுபட்ட தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு. நான்கு மாதம் நிறைந்து உயிரின்றி வெளிவந்த சிசுவைக் குளிப்பாட்டி, கபனிட்டு அடக்க வேண்டும். ஜனாஸாத் தொழுகை இல்லை.

அந்த மாமியாருக்கு நாம் கூறுவது: நம்பகமான இரு மருத்துவர்களின் கருத்தைப் பெற்று, ஆலிமிடம் காட்டுங்கள். ஆபத்து மெய்யானால், மருமகளைக் காப்பது பாவமன்று, தாமதிப்பதே தவறு. அல்லாஹ் நம் வீடுகளைக் காப்பானாக, ஆமீன்.