மீன் வாங்கும் முன் தொட்டியைப் பழக்குங்கள்

பிள்ளை அடம்பிடிக்கிறதென்று பசார் மாலாமில் கப்பி மீன்களைப் பையில் கட்டி வாங்கி வந்து, அன்று இரவே புதுத்தொட்டியில் விடுவது கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் சகஜம். அடுத்த வாரம் ஒவ்வொன்றாக மிதக்கும். பழிச்சொல் கடைக்காரருக்கு! புதுச் சட்டியைப் பழக்காமல் குழம்பு வைப்போமா? தொட்டிக்கும் அதே கதைதான்.

1. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருவது அமோனியா, மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இவை பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழ்பவை. பெருக 3 முதல் 6 வாரம் ஆகலாம். நம் ஊர் வெப்பம் அவற்றுக்கு ஏற்றது, ஹீட்டர் வேண்டாம்.

2. குழாய்நீரில் உள்ள குளோரின் இந்த நுண்ணுயிர்களையும் கொல்லும். மீன்கடையில் கிடைக்கும் ஆண்டி-குளோரினைப் பாக்கெட்டில் சொன்ன அளவு கலந்தபின் ஊற்றுங்கள்.

3. மீன் இல்லாத தொட்டியில் நுண்ணுயிருக்குத் தீனி வேண்டுமே? தினம் ஒரு சிட்டிகை மீன்தீனி போடலாம். உரிக்காத பச்சை இறால் ஒன்றை வலைத்துணியில் கட்டித் தொங்கவிடலாம். நாற்றம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அமோனியா திரவம் என்றால் வாசனையும் சோப்பும் சேராததாக இருக்கவேண்டும். பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் அது தொட்டிக்கு ஆகாது.

4. குறுக்குவழி ஒன்று உண்டு. நோயில்லாத மீன்கள் உள்ள நண்பர் வீட்டுப் பில்டரிலிருந்து பழைய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை, அவர் தொட்டி நீரோடு பையில் போட்டு ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பில்டரில் செருகுங்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் வந்தாலும் தாங்கும். வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிடாதீர்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

5. கரண்டு மிச்சம் என்று இரவில் பில்டரை அணைக்காதீர்கள். நுண்ணுயிருக்கு ஆக்ஸிஜன் வேண்டும். 5 வாட் பில்டர் நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு 4 யூனிட்டைத் தாண்டாது.

6. குழாய்நீர் மென்னீராக இருந்தால், நாளடைவில் பிஎச் இறங்கி 6-ஐ நெருங்கும்போது நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய நின்றுபோகும். பவளக்கல் துண்டு ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டிப் பில்டரில் வையுங்கள். அதிகமும் வேண்டாம்: பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அமோனியாவின் நச்சுப்பகுதி ஏறக்குறைய 10 மடங்காகும்.

7. வெளிநாட்டுப் புத்தகங்கள் அதிகம் பேசாதது கொசு. மீனில்லாத நீர்த்தொட்டி ஏடிஸ் கொசுவுக்குத் தாய்வீடு. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். "இது மீன்தொட்டி" என்ற சமாதானம் எடுபடாது. நீர்ப்பரப்பு அசையும்படி பில்டர் வாயைத் திருப்பி, மேலே நெருக்கமான கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். புழு நெளிந்தால் சிறுவலையால் அள்ளிவிடுங்கள். பின்னால் இறால் வளர்க்கும் எண்ணமிருந்தால் அபேட் மருந்து தூவவே கூடாது.

8. கண்ணாடிபோல் தெளிந்த நீரைப் பார்த்து ஏமாறவேண்டாம். சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். அமோனியாவை 2 பிபிஎம் அளவுக்கு ஏற்றி, 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். நைட்ரைட் பல நாள் உச்சத்திலேயே நிற்கும். அங்கேதான் பலரும் பொறுமை இழக்கிறார்கள்.

9. 2020 செப்டம்பரில் ஆற்றுநீர் மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது நாள்கணக்கில் குழாய் வறண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். மூடியுள்ள வாளியில் எப்போதும் நீர் பிடித்து வையுங்கள். தண்ணீர் திரும்பியதும் வரும் கலங்கலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதும் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பிழிந்தால் போதும்.

10. மீன் விடும் முன், சேர்ந்துள்ள நைட்ரேட் குறைய முக்கால்வாசி நீரை மாற்றுங்கள். இரண்டடித் தொட்டிக்கு முதலில் ஐந்தாறு சிறுமீன்களே போதும். ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்துவிட்டு அடுத்த ஐந்தை வாங்குங்கள்.