ஒரு மரத்துப் பட்சிகளும் ஓர் ஏரித் தண்ணீரும்

ஆம்பூர்,
தை மாதம்.

சிரஞ்சீவி பூங்குழலிக்கு,

வேடந்தாங்கலுக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு போய்வந்த விஷயத்தை எழுதியிருந்தாய். கண்ட பட்சிகளின் பெயர்களையெல்லாம் ஜாபிதாவாகக் கொடுத்ததோடு நில்லாமல், ஒரே நீர்க்கடம்ப மரத்தில் கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் கொக்கும் அடுத்தடுத்துக் கூடு கட்டிக்கொண்டு, எல்லாம் மீனையே தின்று பிழைக்கும்போது, அவற்றுக்குள் நாள்தோறும் கலகம் நடவாமல் இருப்பது எப்படி என்றும் கேட்டிருந்தாய். ஜாபிதா யார் வேண்டுமானாலும் எழுதலாம்; உன் கேள்விதான் எனக்குப் பிடித்தது.

கலகமே இல்லை என்று நீ நினைத்தது முழுவதும் சரியல்ல. கூடு கட்டும் நாட்களில் ஒரு சுள்ளிக்காக அடுத்த கூட்டுக்காரியோடு அலகால் குத்திக்கொள்வதும், அவள் அப்பால் போன சமயம் பார்த்து அவள் கூட்டிலிருந்தே சுள்ளியை உருவுவதும் அங்கே சர்வ சாதாரணம். ஆனால் ஆகாரத்தைப் பொறுத்தவரையில் நீ கண்டது மெய்யே. அதற்கு முதற்காரணம், அந்த ஏரி அவற்றுக்கு வாசஸ்தலமே தவிர போஜனசாலை அல்ல. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சிறு ஏரி, ஆயிரக்கணக்கான பெரிய பட்சிகளையும், ஓயாமல் வாயைத் திறந்துகொண்டிருக்கும் அவற்றின் குஞ்சுகளையும் போஷிக்க முடியாது. ஆகவே அவை சுற்றுப்புறத்து ஏரிகளையும் வயல்களையும் கடலோரத்து உப்பங்கழிகளையும் தேடிப் பறந்து, வயிற்றை நிரப்பிக்கொண்டு, கூட்டுக்குத் திரும்பி எச்சமிட்டு அந்தத் தண்ணீரையே உரமாக்கிவிடுகின்றன. அந்த உரத்தின் அருமையை அனுபவத்தால் அறிந்திருந்த வேடந்தாங்கல் குடியானவர்கள், கும்பெனியார் காலத்திலேயே துப்பாக்கிக்காரர்களைப் பற்றிக் கலெக்டரிடம் முறையிட்டுப் பட்சிகளுக்குப் பாதுகாப்பு வாங்கியிருந்தார்கள்.

இனி, அவை ஆகாரம் தேடும் இடத்தைப் பார்ப்போம். அதற்கு வேடந்தாங்கல் வரை போகவேண்டியதில்லை. நம் பாலாற்றுப் பிரதேசத்தின் மாபெரும் ஏரியாகிய காவேரிப்பாக்கம் ஏரிக்கோ, மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் நம் ஊர்ப்பக்கத்து எந்த ஏரிக்கோ, காலை வெயில் ஏறுமுன் போனால் போதும். நம் முன்னோர் வெட்டிய ஏரி என்பது நாற்புறமும் ஒரே ஆழமுள்ள குளமல்ல. கரையும் மதகும் உள்ள பக்கத்தில் தண்ணீர் ஆளை முழுகடிக்கும். அங்கிருந்து எதிர்ப்புறம் உள்வாயை நோக்கி நடந்தால், இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று படிப்படியாகக் குறைந்து, கடைசியில் ஈரப் புல்லாகவும் சேறாகவும் முடியும். இந்தச் சரிவின் மேல்தான் நம் பட்சிகள் தத்தம் ஸ்தானத்தை வகுத்துக்கொண்டு நிற்கின்றன.

ஈரப் புல்லில், மேயும் மாடுகளின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பொறுக்கிக்கொண்டு உண்ணிக்கொக்கு திரியும். அதற்குத் தண்ணீரே அவ்வளவாக வேண்டாம். சேற்று விளிம்பில் மடையான் மண்ணின் நிறத்தோடு நிறமாக அசையாது நிற்கும். கணுக்காலளவு நீரில் சிறு வெண்கொக்கு நடமாடும். அதன் கால்கள் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். ஒரு காலை முன்னே நீட்டிச் சேற்றில் நடுக்கிக் காட்டி, மறைந்திருக்கும் மீன்குஞ்சு வெருண்டு கிளம்பியதும் பாய்ந்து கொத்தும். அதைவிட நெடிய கால் படைத்த பெரிய வெண்கொக்கும் சாம்பல் நாரையும் இன்னும் ஆழத்தில் நின்று, பெரிய மீன் ஒன்று தானாக அருகில் வரும்வரையில் நாழிகைக் கணக்கில் பொறுத்திருக்கும். காலின் உயரமே இங்கே எல்லைக்கல். குட்டைக்காலனுக்கு ஆழத்தில் பிரவேசம் இல்லை, நெட்டைக்காலனுக்கு விளிம்பில் லாபம் இல்லை.

ஒரே ஆழத்தில் இரண்டு ஜாதிகள் நின்றாலும், அவை பிடிக்கும் யுக்தி வேறு. மஞ்சள்மூக்கு நாரையைச் சற்றுக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறாயோ? கொக்கைப்போல் அது மீனைக் கண்ணால் குறிவைப்பதில்லை. அலகைப் பாதி திறந்தபடி கலங்கல் நீருக்குள் அமிழ்த்தி, இருபக்கமும் மெல்ல அசைத்து, ஒரு காலால் அடியிலுள்ள சேற்றைக் கிளறி, அவ்வப்போது ஒரு சிறகையும் விரித்து உதறும். பயந்தோடும் மீன் அலகின் உட்புறத்தில் பட்ட மாத்திரத்தில் அலகு படீரென்று மூடிக்கொள்ளும். நீர் எவ்வளவு கலங்கியிருந்தாலும் அதற்கு நஷ்டமில்லை. கரண்டிவாயனும் தொட்டு உணர்ந்தே பிடிப்பதுதான். ஆனால் தட்டையான அலகால் நீரை வீசி வீசி அரித்துக்கொண்டு நடந்து, நாரை பொருட்படுத்தாத சின்னஞ்சிறு பூச்சிகளையும் கூனிகளையும் சேகரிக்கும். நத்தைகுத்தி நாரையோ மீனுக்குப் போட்டியிடுவதே அபூர்வம். அதன் இரு அலகுகளுக்கும் நடுவில் மூடினாலும் மூடாத ஒரு சந்து உண்டு. நத்தையை ஓட்டை உடைக்காமலே நீருக்குள் வைத்துச் சதையை உருவி எடுக்கும் சாமர்த்தியம் அதனுடையது.

நீந்துகிறவற்றின் ராஜ்யம் மதகுப் பக்கத்து ஆழம். சிறு நீர்க்காகம் கரையோரத்தில் தனியாகவோ சிலவாகவோ மூழ்கிச் சிறு மீன்களைப் பிடிக்கும். கொண்டை நீர்க்காகம் பெருங்கூட்டமாகச் சேர்ந்து ஆழத்து மீன்களை வளைத்துத் துரத்தும். இரண்டுக்கும் நுனி வளைந்த அலகு, கவ்விப் பிடிக்கும். பாம்புத்தாராவின் அலகு ஈட்டி. உடலை முழுக்க நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மாத்திரம் வெளியே நீட்டிக்கொண்டு மெதுவாகச் செல்லும். நீருக்கடியில் மீனை விலாவில் குத்தி, குத்தியபடியே மேலே வந்து, தலையை ஒரு வெட்டு வெட்டி மீனை ஆகாயத்தில் எறிந்து, அது தலைகீழாக விழும்போது விழுங்கிவிடும். துரத்துவது நீர்க்காகத்தின் தொழில். பதுங்குவது பாம்புத்தாராவின் தொழில். கூழைக்கடாவுக்கு மூழ்கும் வித்தையே தெரியாது. தாடைப் பையை வலையாக வைத்துக்கொண்டு மேல்நீரை அள்ளும்.

ஆகாயத்திலிருந்து பங்கு கேட்பவர்களும் உண்டு. குளிர்காலத்தில் வெகு தூரத்திலிருந்து வரும் மீசை ஆலா நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தாழ்ந்து பறந்து, மேற்பரப்பில் கிடப்பதை மட்டும் நுனி அலகால் எடுத்துக்கொள்ளும். ஆற்று ஆலா தலைகுப்புறப் பாயும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நடு ஏரிக்கு மேலே ஓரிடத்தில் சிறகடித்து நின்று குறிபார்க்கக் கற்றதனால், கரையோரக் கிளையை நம்பியிருக்கும் மற்ற மீன்கொத்திகள் எட்டாத நீர் அதற்குக் கிடைத்தது. பகல் கழிந்து இவ்வளவு பேரும் கூடு திரும்பும் வேளையில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிவழிந்த வக்கா தொண்டைக் கரகரப்போடு கத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பும். இடத்தைப் பங்கிட முடியாவிட்டால் காலத்தைப் பங்கிடுவதும் ஒரு வழி.

நம் ஊரில் ஒரு மாட்டுத்தோல் எத்தனை பேர் கைக்குப் போகிறதென்று உனக்குத் தெரியும். மேல்தோல் ஷூ முகப்புக்கு, பிளந்தெடுத்த அடித்தோல் மட்டமான சரக்குக்கு, சீவிய சவ்வு வஜ்ஜிரத்துக்கு. ஏரியும் அப்படித்தான் பங்காகிறது; ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசத்தை மறந்துவிடாதே. இங்கே பாகம் பிரித்துக் கொடுக்கும் முதலாளி கிடையாது. பட்சிகள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டதும் இல்லை. அடுத்தவனுக்கு எட்டாததை எட்டிய பட்சி அதிகக் குஞ்சுகளை வளர்த்தது, அடுத்தவனோடு முட்டி மோதியது குறைவாக வளர்த்தது. இப்படி எண்ணற்ற தலைமுறைகளில் அலகும் காலும் வேளையும் விலகி விலகி வந்தன. இதை விட்டுவிட்டுப் பட்சிகளின் பரஸ்பர சிநேகத்தைப் புகழ்ந்து பிரசங்கம் செய்யும் புத்தகங்களை நீ நம்ப வேண்டாம்.

சமுத்திரத்துப் பட்சிகளைப் பற்றியும் இதே கேள்வி மேல்நாட்டில் எழுந்ததுண்டு. ஒரே உணவை ஒரே விதமாகத் தின்னும் இரண்டு ஜாதிகள் ஓரிடத்தில் நிலைத்து வாழமுடியாது என்று காஸ் என்ற ருஷ்ய விஞ்ஞானி, கண்ணாடிக் குழாயில் வளர்த்த நுண்ணுயிர்களைக் கொண்டு 1934-ல் எழுதியிருந்தார். டேவிட் லாக் என்ற ஆங்கிலேயர், அப்படியானால் பிரிட்டிஷ் கடற்கரைகளில் பெரிய நீர்க்காகமும் அதன் நெருங்கிய உறவான ஷாக் பட்சியும் ஒரே பாறைகளில் கூடு கட்டி ஒரே கடலில் மூழ்கி எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று ஆராய்ந்து, 1945-ல் விடையை வெளியிட்டார். அவற்றின் இரைப்பைகள் வேறு வேறு கதை சொல்லின. ஷாக் நடுநீரில் நீந்தும் சிறு மீன்களைத் தின்றது. நீர்க்காகமோ துறைமுகங்களிலும் கழிமுகங்களிலும் அடித்தரையில் கிடக்கும் நாக்குமீன் போன்ற தட்டை மீன்களையும் இறாலையும் தின்றது. வெளிப் பார்வைக்கு ஒரு கடல், உள்ளே இரண்டு.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள கிறிஸ்துமஸ் தீவின் விஷயம் இன்னும் ரசமானது. கரையும் சரிவும் இல்லாத திறந்த கடலில் பங்கிட என்ன இருக்கிறது? ஆஷ்மோல் தம்பதியர் 1967-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அங்கே பங்கிடப்படுவது பெரும்பாலும் தூரமும் இரையின் அளவும். முதுகு கறுத்த ஆலா நெடுந்தூரம் சென்று, சூரை மீன் கூட்டம் கீழிருந்து விரட்டுவதால் மேலே துள்ளும் மீனையும் கணவாயையும் பறந்தபடியே கவ்விக்கொள்ளும். வேறு சில ஆலாக்கள் தீவை அடுத்த நீரிலேயே திருப்தியடையும். அவற்றுள் மிகச் சிறியது, மற்றவை கண்ணெடுத்தும் பார்க்காத அணுவளவு ஜீவன்களைப் பொறுக்கி வாழும்.

ஆனாலும் இந்தப் பங்கீட்டை மாறாத சட்டமாக நினைத்துவிடாதே. சித்திரை வைகாசியில் ஏரி வற்றி, மிச்சமுள்ள மீனெல்லாம் மதகடிக் குட்டையில் திரண்டு துடிக்கும்போது, கூழைக்கடா, நாரை, கொக்கு, பருந்து எல்லாம் ஒன்றின்மேலொன்று விழுந்து தின்னும். அப்போது எந்த எல்லையும் கிடையாது. கொள்ளை மலிந்தால் வரம்பு தளரும். இரை அருகும் நாட்களிலேதான் ஒவ்வொன்றும் தனக்கே உரிய தொழிலுக்குத் திரும்பும். இரவல் லாபமும் உண்டு: நீர்க்காகக் கூட்டம் ஆழத்தில் மீனைக் கலைக்க, கலைந்து கரையோரம் ஓடிவரும் மீனுக்காகச் சிறு வெண்கொக்குகள் வரிசையாகக் காத்து நிற்கும்.

இப்போது உன் பெரியப்பாவுக்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். நம் வீட்டுச் சோறு தோலில் வந்தது. ஆகையால் இதைச் சொல்லக் கூச்சமுண்டு, சொல்லாமலிருக்க அதைவிடக் கூச்சம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் மாறிக் குரோமியம் வந்தது. பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பு, ஊறவைத்த தண்ணீரோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஏரிக்கும் பாலாற்றுக்கும் போயிற்று. 1991-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டு 28-ல் அளித்த தீர்ப்பில், இந்தத் தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் நம் ஊர்க் கழிவுநீருக்கும் பங்குண்டு என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின் நிலைமை பல இடங்களில் திருந்தியிருக்கிறது. எல்லா இடத்திலும் அல்ல.

கெட்ட நீரில் பட்சிகளின் பங்கீடு என்னவாகிறது என்பதே நமக்கு வேண்டிய பாடம். பிராணவாயு குறைந்த நீரில் விராலும் கெளுத்தியும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், மற்ற மீன்கள் சாகும், நத்தை அருகும், சேற்றில் செந்நிறப் புழுக்கள் மட்டும் பெருகும். உடனே நாரையும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் மறைந்து, அந்தப் புழுவைப் பொறுக்கும் நெடுங்கால் உள்ளான் மட்டும் நூற்றுக்கணக்கில் நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவன், ஏரியில் பட்சிகள் நிறைந்திருக்கின்றனவே என்று சந்தோஷப்படுவான். எண்ணிக்கை ஏமாற்றும், குழலி. எத்தனை ஜாதி என்று கேள்.

நல்லெண்ணத்தாலும் கேடு வரும். தூர்வாருகிறோம் என்று இயந்திரங்களைக் கொண்டுவந்து, உள்வாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டிக் கரைகளைச் செங்குத்தாக வெட்டிவிட்டால், தண்ணீர் கூடுதலாக நிற்பது வாஸ்தவம்; ஆனால் முழங்காலளவு நீரும் கணுக்காலளவு நீரும் ஒழிந்துபோகும், அவற்றோடு நடந்து மேய்கிற பட்சிகள் அத்தனையும் ஒழியும். மதகுப் பக்கத்தில் வேண்டுமட்டும் ஆழமாக்கட்டும். உள்வாயின் சரிவைத் தொடாமல் விட்டால், வயலுக்கும் நீர் இருக்கும், நாரைக்கும் இடமிருக்கும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

நீ லீவில் வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவா. பட்சியின் பெயரை எழுதுவதற்கு முன்னால், தண்ணீர் அதன் காலில் எதுவரை ஏறியிருக்கிறது, அலகை என்ன செய்கிறது, மணி என்ன என்ற மூன்றையும் எழுது. பெயர் தெரியாவிட்டால் பின்னால் பட்சி விஞ்ஞானி சலீம் அலியின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பொங்கல் லீவில் ஒரு தடவை, கோடை லீவில் ஒரு தடவை, அதே ஏரிக்கே போய் எழுது. நம் பஞ்சாயத்துக்காரர்கள் அடுத்த முறை தூர்வார வரும்போது, அந்த நோட்டை அவர்கள் முன்னால் வைத்துப் பேச நான் தயார்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா